நல்ல நேரத்தில் ஃபெயில் என்று வரக் கூடாது

மாசாணம் எழுதிய சோதனைகளில் ஒன்று மட்டும் தினமும் தோற்றாக வேண்டும். இரண்டும் இரண்டும் ஐந்து என்று அடித்துச் சொல்லும் சோதனை அது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் அதைத்தான் ஓட்டுவாள். திரை சிவந்து ஃபெயில் என்று வந்தால்தான் அவளுக்கு மற்ற வேலை ஓடும். பொய்யைப் பொய் என்று பிடிக்கத் தெரிந்தது, மெய்யை மெய் என்று சொன்னால் நம்பலாம். பொய்க்கே தலையாட்டுகிறது வேறு எதற்குத்தான் தலையாட்டாது? இது அவள் கணக்கு.

பீளமேட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது கம்பெனி. தொண்ணூற்றேழாம் வருசக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று போர்டு மாட்டிய இடங்களில் முக்கால்வாசி, பையன்களை வரிசையாக உட்காரவைத்து வகுப்பு எடுக்கும் இடங்கள். வரதராஜுலுவின் கம்பெனி அப்படியல்ல. மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் எந்திரங்களை ஓட்டுகிற புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். எழுதுவது சண்முகப்ரியா. எழுதியதில் ஓட்டை தேடுவது மாசாணம்.

இரண்டு பேரும் ஒரே ஹாஸ்டலில் ஒரே அறை. மாசாணத்தின் ஊர் ஆனைமலைப் பக்கம். தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிற குடும்பத்திலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். சண்முகப்ரியா மதுக்கரை, அவள் அப்பா சிமெண்ட் மூட்டை சுமந்து அவளைப் படிக்கவைத்தார். இங்கே முதலில் சேர்ந்தது சண்முகப்ரியாதான். "என்ற சிநேகிதிங்க சார். வாய்தான் கொஞ்சம் காரம். வேலைல சுத்தம்" என்று சொல்லி இவளை உள்ளே இழுத்துவிட்டதும் அவள்தான். மாசாணம் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. சண்முகப்ரியாவும் மறக்கவிட்டதில்லை, ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே செய்வாள்.

மாசாணம் என்ற பேரே ஆபீசில் ஒரு வேடிக்கை. ஏமாந்தவர்கள் நியாயம் கேட்டுப் போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருகிற அம்மனின் பேர் அல்லவா? புரோகிராமில் அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் வரதராஜுலு தன் அறையிலிருந்தே குரல் கொடுப்பார். "ஏனுங்க அம்மணி, இன்னைக்கு யாருக்கு மொளகா அரைக்கிறீங்க?"

"உங்களுக்குத்தானுங்க சார்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அந்த வருசத் தொடக்கத்தில் பெங்களூரில் இருக்கும் ஒரு தோழியிடமிருந்து சண்முகப்ரியா ஒரு ஃபிளாப்பி வாங்கிவந்தாள். அதில் ஒரு அஸெர்ட் லைப்ரரி இருந்தது. அஸெர்ட் என்பது பெரிய மந்திரம் இல்லை. புரோகிராமின் நடுவே நின்றுகொண்டு, இந்த இடத்தில் இது இப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு அடி நகரக் கூடாது என்று மறிக்கிற ஒரு வரி. அப்படிப்பட்ட வரிகளை எழுதவும், அவை மறித்தால் என்ன செய்வது என்று முடிவு செய்யவும் உதவுவதுதான் லைப்ரரி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஆபீசைத் திறந்து உட்கார்ந்து, அதைத் தங்கள் சோதனைக் கட்டமைப்புக்குள் பொருத்தினார்கள். சோதனைக்கு மட்டுமல்ல, எந்திரத்தை ஓட்டும் புரோகிராமுக்கும் அதே காவல்தான்.

அதற்கு மூன்று நிலைகள் உண்டு. நிறுத்து, எச்சரி, பேசாதே. மாசாணத்துக்கு ஒன்று போதும். நிறுத்து என்பதைப் புரோகிராமுக்குள்ளேயே ஆணி அடித்ததுபோல எழுதிவிடலாம் என்றாள். சண்முகப்ரியா ஒத்துக்கொள்ளவில்லை.

"எதுக்கு புள்ள? வெளிய ஒரு கான்ஃபிக் ஃபைல்ல வெச்சுக்கலாம். நாளைக்கு மாத்தோணும்னா ஒரே வரி. பூராத்தையும் மறுபடி கம்பைல் பண்ணீட்டு உக்காந்திருக்கோணுமா?"

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. புரோகிராம் ஓடும்போதே எட்டிப் பார்த்து அதன்படி நடக்கிற அந்த ஃபைலைத் திறந்து, 'நிறுத்து' என்பதை மாசாணமே தன் கையால் அடித்தாள்.

*

சென்னிமலையில் வேங்கடசாமி புதிதாக ஒரு சாயப்பட்டறை போட்டார். நிலபுலம், நூல் வியாபாரம், பெட்ஷீட் ஏற்றுமதி என்று கை நீண்ட மனிதர். பட்டறைக்கு வந்து இறங்கிய எந்திரம் ஆள் உயரத்துக்கு நின்றது. பாலியஸ்டர் நூலை உள்ளே அடுக்கி, மூடியைப் பூட்டி, நூற்று முப்பது டிகிரி வரைக்கும் வேகவைக்கும். வெந்து முடிந்து, சூடு எண்பதுக்குக் கீழே இறங்கியபிறகுதான் மூடியின் பூட்டு விடுபட வேண்டும். ஆவி அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது மனுசன் உள்ளே நிற்கிற அளவு குக்கர்.

பூட்டை விடுவிப்பது சண்முகப்ரியாவின் புரோகிராம். எந்திரத்துக்குள் மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒரு வெப்பமானி. பூட்டை விடுவிக்கப் புரோகிராம் பார்ப்பது மேலே இருப்பதை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது, பூட்டைத் தொடாதே என்று மறிக்கிற அஸெர்ட்டை மாசாணம் எழுதி நுழைத்திருந்தாள்.

வெள்ளோட்டத்தின்போது அது மறித்தது. மறித்த நேரம்தான் கெட்ட நேரமாகப் போய்விட்டது. வேங்கடசாமி அன்றைக்குத் தன் சம்பந்தி வீட்டாரை எந்திரம் காட்டக் கூட்டிவந்திருந்தார். வெள்ளகோவிலில் பெரிய குடும்பம் அது. பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக அவர்கள் நின்று பார்க்க, திரை முழுக்கச் சிவந்து ஃபெயில் என்று கொட்டை எழுத்தில் வந்து எந்திரம் நின்றது. மேல் வெப்பமானி கெட்டிருந்தது. உள்ளே கொதிக்கிறபோது அது வெதுவெதுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"என்னுங்க சம்பந்தி, ஃபெயிலுங்குது?" என்று சம்பந்தி கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். வேங்கடசாமிக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் வரதராஜுலு இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாருங்க அம்மணி. வேங்கடசாமி ரொம்ப வருத்தப்பட்டுப்போட்டாருங்க. வர்ற வெள்ளிக்கெழமை பூஜை. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வருவாங்க. நல்ல நேரத்துல எந்திரம் அமங்கலமா வாயத் தொறக்கக் கூடாதுங்கறாரு."

"கெட்டுப்போன வெப்பமானிய மாத்தச் சொல்லுங்க சார். அது வாயே தொறக்காது."

"அது பம்பாய்ல இருந்து வரோணுமுங்க."

"அப்ப பூஜையத் தள்ளி வெக்கச் சொல்லுங்க."

வரதராஜுலு சண்முகப்ரியாவைப் பார்த்தார். சண்முகப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்படியெல்லாம் சொல்ல முடியுமா புள்ள? சோசியரைப் பாத்துக் குறிச்ச நேரம். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் 'பேசாதே'ல போட்டுட்டு, பூஜை முடிஞ்சதும் மாத்தீட்டாப் போச்சு. ஒரே வரிதானே?"

"ஒரே வரிதான். அந்த ஒரு மணி நேரத்துல எவனாவது மூடியத் தொறந்தா?"

"எவன் தொறப்பான்? எல்லாரும் சாமி கும்பிட்டுட்டிருப்பாங்க."

"நான் மாத்த மாட்டேன்" என்றாள் மாசாணம். "சும்மா நிக்கிறதுக்கு ஒரு காவக்காரன் எதுக்குங்க சார்?"

வரதராஜுலு கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மறுப்பதானாலும் "பாத்துக்கலாமுங்க" என்றுதான் சொல்வார். அன்றும் அதைத்தான் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது என்று மாசாணம் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சென்னிமலைக்குப் போய்வந்த சண்முகப்ரியா, அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "வெப்பமானி வந்துருச்சு புள்ள. மாத்திப்போட்டாங்க. இனி உன்ற அஸெர்ட்டு வாயத் தொறக்க வேலையில்ல."

"பம்பாய்ல இருந்து அதுக்குள்ளயா?"

"காசிருந்தா ஏரோப்ளேன்ல வருது. நமக்கென்ன?"

மாசாணத்துக்குச் சந்தோசமாக இருந்தது. பார்த்தாயா, பிடிவாதமாக நின்றால் நடக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

*

வெள்ளிக்கிழமை பட்டறை கல்யாண வீடுபோல இருந்தது. வாசலில் வாழைமரம், எந்திரத்தின் கழுத்தில் செவந்தி மாலை. கம்ப்யூட்டர் திரையின் நெற்றியில்கூடச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். எந்திரத்தை ஓட்டும் அப்துல் மஜீத் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, யார் வழியிலும் படாமல் ஓரமாக நின்றார். ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கும்போது எந்திரம் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நூல் உள்ளே அடுக்கியாகிவிட்டது.

மாசாணம் கம்ப்யூட்டர் பக்கம் போகத்தான் பார்த்தாள். சண்முகப்ரியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் காலைலயே வந்து சோதனை பூரா ஓட்டிப் பாத்துட்டேன். எல்லாம் பாஸ். நீ வா இங்க."

இங்கே என்றால், வெற்றிலை பாக்கு வைத்த தட்டுக்கு. தட்டில் ஒரு காகிதம். இந்த எந்திரத்தின் பாதுகாப்புச் சோதனைகள் அனைத்தும் என் மேற்பார்வையில் நடத்தப்பட்டுத் தேறின என்று இங்கிலீஷில் அடித்து, கீழே மாசாணத்தின் பேர் போட்டிருந்தது. வேங்கடசாமியிடம் பெட்ஷீட் வாங்கும் ஜெர்மன்காரன் இந்தக் காகிதம் இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டானாம்.

"நான் ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன்" என்றாள் மாசாணம்.

"நேரம் போகுதுங்க அம்மணி" என்றார் வேங்கடசாமி. "இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம் பொறந்துரும். நல்ல நேரத்துல உங்க கையால போட்டுக் குடுங்க."

சுற்றிலும் அத்தனை பேர். எல்லோரும் சிரித்த முகமாக அவளையே பார்த்தார்கள். சண்முகப்ரியா பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "நாந்தான் பாத்துட்டேங்கறனே, புள்ள. என்ற மேல நம்பிக்கையில்லையா?"

மாசாணம் போட்டாள். தன் பேரைப் பெரிதாக, தெளிவாக எழுதினாள்.

தட்டை வாங்கிக்கொண்டு வேங்கடசாமி அன்பாக விசாரித்தார். "அம்மணிக்கு எந்த ஊருங்க? யாரூட்டுப் புள்ளைங்க?"

"ஆனைமலைப் பக்கமுங்க. எங்கப்பா தோப்புல கூலிக்குப் போறவருங்க."

"ஓ." வேங்கடசாமி ஒரு கணம் தட்டைப் பார்த்தார். "சரி சரி. பந்தி பொறத்தால போட்டிருக்குது. போய்ச் சாப்பிடு."

மாசாணம் திரும்பிச் சண்முகப்ரியாவைப் பார்த்தாள். சண்முகப்ரியா யாரோ ஒரு பெண்ணின் சேலை ஜரிகையை மெச்சிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஊர் கேட்கவில்லை. கேட்காதபடி பேசிக்கொண்டே இருக்க அவளுக்குத் தெரியும்.

*

பந்திக்குப் போக மாசாணத்துக்குக் கால் வரவில்லை. எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். எந்திரம் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு நூலை வேகவைத்தது. சந்தனம் வைத்த திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் சோதனைக்கென்று வைத்த இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் ஒரே கான்ஃபிக் ஃபைல். கை பழக்கத்தில், சோதனைக் கம்ப்யூட்டரில் இரண்டும் இரண்டும் ஐந்து என்ற சோதனையை ஓட்டினாள்.

பாஸ் என்று வந்தது.

பச்சை எழுத்தில், அழகாக, மரியாதையாக, பாஸ் என்று வந்தது.

மறுபடி ஓட்டினாள். பாஸ். தண்ணீர் ஐஸைவிடக் குளிரும்போதே கொதிக்கும் என்று ஒரு புதுப் பொய்யை எழுதி ஓட்டினாள். அதற்கும் பாஸ். என்ன சொன்னாலும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டியது. கான்ஃபிக் ஃபைலைத் திறந்தாள். 'நிறுத்து' இருந்த இடத்தில் 'பேசாதே' உட்கார்ந்திருந்தது.

எந்திரத் திரையை நோக்கித் திரும்பினாள். மேல் வெப்பமானி ஒன்று சொன்னது, கீழ் வெப்பமானி வேறொன்று சொன்னது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு எண்ணுக்கும் நாற்பது டிகிரி வித்தியாசம். யாரும் எதையும் மாற்றவில்லை. பம்பாயிலிருந்து எதுவும் வரவில்லை.

சண்முகப்ரியா இலை முன்னால் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். மாசாணம் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். எச்சில் கையோடு அவள் வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

"வெப்பமானிய மாத்தியாச்சுன்னே."

சண்முகப்ரியா கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "ஓட்டிப் பாத்துட்டியாக்கும்."

"மாத்தியாச்சுன்னே, ப்ரியா."

"அடுத்த வாரம் வந்துரும். ஒரு மணி நேரத்துக்குன்னுதான் போட்டேன். அப்புறம் வேங்கடசாமிதான், வெப்பமானி வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டுமுன்னாரு. சாரும் சரின்னுட்டாரு."

"எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னே?"

"உண்மையச் சொன்னாக் கையெழுத்துப் போடுவியா?"

"போட மாட்டேன்."

"அதான்."

அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

"நீயே போட்டிருக்க வேண்டியதுதானே?"

"என்ற கையெழுத்த எவன் மதிப்பான்? போன வாரம் அத்தனை பேருக்கு முன்னால எந்திரத்த நிறுத்துனது உன்ற அஸெர்ட்டு. வளைஞ்சு குடுக்காத புள்ளைன்னு ஊருக்கே தெரியும். நீயே சரின்னு போட்டா, அப்புறம் யாரு வாயத் தொறப்பாங்க?" சண்முகப்ரியா குரலைத் தணித்தாள். "அடுத்த மாசம் என்னை அமெரிக்கா அனுப்பறாங்க, மாசா. ரெண்டாயிரமாவது வருசத்துத் தேதியக் கம்ப்யூட்டர்ல சரி பண்ற வேலைக்கு. இந்த ஆர்டர் முடிஞ்சாத்தான் சார் பேரக் குடுப்பாரு. எங்கப்பனுக்கு நெஞ்சு பூரா சிமெண்ட்டு. உனக்குத் தெரியாதா? நான் போனா உன்னையும் கூப்பிட்டுக்குவேன்."

மாசாணம் அவளையே பார்த்தாள். இத்தனை வருசமும் தன் முரட்டுத்தனத்தைப் பற்றி இவள் கேலி செய்தபோதெல்லாம் அதில் பிரியம் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். இவள் அதை விலைக்குப் போகும் சாமானாக எடைபோட்டு வைத்திருந்திருக்கிறாள். தன்னிடம் இருந்த ஒரே சொத்து, சொன்னால் சொன்னதுதான் என்கிற பேர். அதைத்தான் தட்டில் வைத்து நீட்டவைத்திருக்கிறாள்.

"மஜீத் பாய்க்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"வெப்பமானி பொய் சொல்றது. மூடியத் தொறக்கப்போறவருக்குத் தெரியுமா?"

சண்முகப்ரியா ஈரக் கையை உதறினாள். பட்டறைக்குள்ளே எந்திரத்தின் உறுமல் தணிந்தது. சாயம் முடிந்து சூடு இறங்கத் தொடங்கிவிட்டது.

மாசாணம் ஓடினாள்.

முதல் நூலை எடுக்கிறதைப் பார்க்க ஒறம்பரை எல்லாம் வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்திருந்தார்கள். மேல் வெப்பமானி எழுபத்தெட்டு என்று காட்டியது. எண்பதுக்குக் கீழே போய்விட்டதால் புரோகிராம் பூட்டை விடுவிக்கத் தயாராகி, பச்சை விளக்கு மின்னியது. மஜீத் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியின் சக்கரத்தை நோக்கிக் கை நீட்டினார்.

மாசாணம் ஃபைலைத் திறந்து, 'பேசாதே'யை அழித்து, 'நிறுத்து' என்று அடித்து, சேமித்தாள். திரை சிவந்தது. ஃபெயில். எந்திரம் கிறீச்சென்று ஒலித்து, பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"பாய், தொடாதீங்க! பின்னால வாங்க!"

மஜீத் கையை இழுத்துக்கொண்டார். கூட்டம் சலசலத்தது. வேங்கடசாமியின் சம்பந்தி மறுபடியும் திரையைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டாரைப் பார்த்தார்.

"என்னுங்க வரதராஜுலு இது?" வேங்கடசாமியின் குரல் உடைந்தது. "நல்ல நாளும் அதுவுமா... அந்தச் செவப்ப அணைச்சுப்போடச் சொல்லுங்க மொதல்ல!"

"ஏம்மா, எந்திரி அங்கிருந்து" என்றார் வரதராஜுலு. அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல்தடவை.

மாசாணம் எழுந்தாள். பந்தியிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து, எந்திரத்தின் மூடிமேல் ஊற்றினாள். தண்ணீர் விழுந்த இடத்தில் சொய்யென்று சீறி, மணிமணியாகத் துள்ளி, ஆவியாகப் போனது. முன்வரிசையில் நின்ற பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"எழுபத்தெட்டு டிகிரியாமுங்க" என்றாள் மாசாணம். "தோசைக்கல்லு மாதிரி இருக்குது."

மஜீத் கையில் சுற்றிய துணியை மெல்ல அவிழ்த்து, தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நூல் மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஆறட்டும். நானு தொடலீங்க" என்றார்.

வேங்கடசாமி கூட்டத்தைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், கடைசியில் வரதராஜுலுவைப் பார்த்தார். காவலை அணைத்துவைக்கச் சொன்னது தான்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சபைக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டுமே.

"இதையெல்லாம் பாக்காம எந்திரத்த உட்டது யாருங்க?"

வரதராஜுலு தரையைப் பார்த்தார். பதில் சண்முகப்ரியாவிடமிருந்து வந்தது. எப்போதும்போல மெதுவாக, பணிவாக வந்தது.

"டெஸ்டிங் பூரா மாசாணந்தானுங்க பாக்கறா. கையெழுத்தும் அவதானுங்க போட்டிருக்கறா."

மாசாணம் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அறைந்துவிடுவோம் என்று பயந்தாள். வெற்றிலைத் தட்டை நோக்கி நடந்து, காகிதத்தை எடுத்தாள்.

"கையெழுத்து என்னுதுதானுங்க. பாக்காமப் போட்டேன். அது என்ற தப்பு, நான் ஒத்துக்கறேன். அணைச்சு வெச்சது இவ. வெக்கச் சொன்னது நீங்க. சரின்னது எங்க சாரு. மூணு பேரும் ஒத்துக்குவீங்களா?"

காகிதத்தை இரண்டாகக் கிழித்து, நான்காகக் கிழித்து, தட்டிலேயே வைத்தாள்.

சம்பந்தி வீட்டார் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு காரில் ஏறினார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "எல்லாம் நல்லாருந்துச்சுங்க, வாரமுங்க" என்றுதான் சொல்லிப் போனார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு வரதராஜுலு தன் பெட்டியைத் திறந்து இன்னொரு காகிதம் எடுத்தார். அதே வாசகம், பேர் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. எதற்கும் ஒன்று கூடுதலாக வைத்திருந்திருக்கிறார்.

"வெப்பமானி திங்கக்கெழமை வந்துருமுங்க அம்மணி. ஆனா காயிதம் இன்னைக்கே ஜெர்மன்காரனோட ஏஜெண்டு கைக்குப் போகோணும். நடந்தத மறந்துரலாம். வேலையும் உங்களுக்கு அப்படியே இருக்குது. போட்டுக் குடுங்க."

"திங்கக்கெழமை வரட்டும். நான் ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன்."

"அப்படின்னா வேற ஆளப் போடச் சொல்ல வேண்டியதுதானுங்க" என்றார். "சண்முகப்ரியா, நீங்க போடுங்க."

சண்முகப்ரியாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "நானுங்களா சார்?"

"நீங்கதான் எழுதினீங்க. நீங்கதான் ஓட்டிப் பாத்தீங்க. எல்லாம் பாஸ்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாசாணம் தன் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினாள். "போடு."

சண்முகப்ரியா பேனாவை வாங்கினாள். காகிதத்தை முழுதாக ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மஜீத் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்திரம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அதன் சூடு முகத்தில் அடித்தது. அவள் பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"எழுதினவளே டெஸ்ட் பண்ணினேன்னு போட்டா நல்லாருக்காதுங்களே சார்" என்றாள். "ஜெர்மன்காரன் எதாச்சும் கேப்பானுங்க. பொறவு... நாளைக்கு எதாச்சும் ஒண்ணுன்னா, விசாவுக்கு..." முடிக்காமல் பேனாவைத் தட்டில் வைத்துவிட்டாள்.

மாசாணம் அதை எடுத்து மூடிக்கொண்டாள்.

"உனக்குப் பயமா இருக்குது" என்றாள். "எனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், ப்ரியா. நீ உண்மையச் சொல்லியிருந்தா."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கம்பெனி வேன் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதைத் தாண்டி, பெருந்துறை போகும் பஸ்ஸுக்கு ரோட்டோரம் போய் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வயிறு பசித்தது, உள்ளே விருந்து வைத்த வீட்டிலிருந்து பசியோடு வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சண்முகப்ரியா பாதித் தூரம் வந்து, அதற்குமேல் வராமல் நின்றாள்.

"மாசா, வேன்ல வந்துரு. சாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மாசாணம் பஸ் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரூமுக்காச்சும் வருவீல்ல?"

பஸ் வளைவில் தெரிந்தது. மாசாணம் கை காட்டினாள்.

"பெட்டி எடுக்க வாரேன்" என்றாள்.